ஏழாவது பந்தி

கூட்டக் குறிப்பு எழுத வடிவான கை வேண்டும் என்பது கோபிசங்கரின் கொள்கை. குறிப்பைக் கணினியில்தான் தட்டுகிறோம், அதில் எல்லாருடைய எழுத்தும் ஒன்றுதான் என்று தனுசியா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"இல்லைத் தனு, நீர் எழுதினால் ஒரு வடிவு கிடக்கு," என்றான் அவன்.

அதை அவன் மனதாரச் சொன்னான். அதுதான் தொல்லை. நக்கலுக்குச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

மானிப்பாயில் ஒரு பெயின்ற் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மென்பொருள் நிறுவனம். முதலாளியைத் தவிர ஒன்பது பேர். ஏழு பேர் ஆண்கள். மிச்ச இருவரில் தனுசியா ஐந்து வருடமாக அங்கே மென்பொருள் எழுதுகிறவள். வட்டுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போவாள். மற்றவள் குருநகர் றொசாந்தி. எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்தவள். மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்துப் பதிவது அவளுடைய வேலை. அந்த வேலைக்கு ஏற்ற கண்ணும் அந்த வேலைக்குத் தேவைப்படாத வாயும் அவளுக்கு இருந்தன.

கோபிசங்கரை யாரும் குழுத் தலைவன் என்று கடிதம் கொடுத்து நியமிக்கவில்லை. ஆனால் சுழலும் கதிரைகளில் முதுகு உயர்ந்த கதிரை அவனுடையது. வெளிநாட்டுக்காரரோடு பேசுவது அவன். எழுதிய மென்பொருளை இயக்கிக் காட்டும் 'டெமோ' செய்வதும் அவன். தனுசியா குறிப்பு எடுப்பாள். பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லிவைப்பாள். தேநீரோடு கடிக்கக் கடையிலிருந்து எத்தனை பற்றிஸ், எத்தனை றோல்ஸ் என்று கேட்டு எழுதுவாள். இவற்றுக்கிடையில் மிஞ்சிய நேரத்தில் நிறுவனத்தின் மிகப் பெரிய மென்பொருளின் முக்கால் பங்கை எழுதியிருந்தாள்.

கோபிசங்கர் கெட்டவன் அல்ல. மழை தூறினால் அவளுடைய ஸ்கூட்டரைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிடுகிறவன் அவன்தான். ஆனால் அவள் எழுதியதை விளக்கும்போது "நாங்கள் இப்படித்தான் யோசித்தோம்" என்று தொடங்குவான். பாராட்டு வரும் இடத்தில் மட்டும் தனியாக நின்று நன்றி சொல்வான்.

அந்தப் பெரிய மென்பொருள் நோர்வேயில் ஒரு கரையோர நகரசபைக்காகச் செய்தது. வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தாதிமாருக்கு, யாரிடம் யார் எத்தனை மணிக்குப் போவது என்று வழி வகுத்துக் கொடுப்பது. அங்கே தீவுகள் அதிகம், படகுகள் அதிகம். தனுசியாவின் அக்கா வினோஜாவும் இங்கே ஒரு தீவில் தாதி. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு வராமல் நின்ற கதைகளைக் கேட்டபடிதான் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு நடக்கும். ஆகவே படகு ஓடாத நாளில் யாரை முதலில் பார்க்க வேண்டும், யாரை நாளைக்கு விடலாம் என்பதைத் தனுசியா இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த டெமோவில் தாதிமாருக்குப் பொறுப்பான இங்குன் என்ற பெண் கேட்டது இதைத்தான். "படகு ஓடாவிட்டால்?"

"தாதிக்கு உடனே குறுஞ்செய்தி போய்விடும்," என்றான் கோபிசங்கர்.

"செய்தி போய்ச் சேர்ந்தால் கிழவிக்கு ஊசி போட்டதாகிவிடுமா?"

பின்வரிசையில் இருந்த தனுசியா சரியான பதிலைத் தட்டி அவனுடைய திரைக்கு அனுப்பினாள். டெமோ நேரத்தில் தொந்தரவு வரக்கூடாது என்று அவன் அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருந்தான். கடைசியில் 'இணைப்புச் சரியில்லை' என்று சொல்லித் தப்பினார்கள். இன்னொரு டெமோவுக்கு நாள் கேட்டபோது கோபிசங்கர் பஞ்சாங்கம் பார்த்து வியாழக்கிழமையைக் கொடுத்தான். அன்று விஜயதசமி.

முதலாளி கேதீஸ்வரன் நோர்வேயில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். இந்த டெமோ சரிவந்தால் இரண்டு வருடத்துக்கான அடுத்த கட்ட வேலை கிடைக்கும், அதற்கு முறைப்படி கடிதம் கொடுத்து ஒரு தலைவரைப் போடுவேன் என்று அவர் அறிவித்திருந்தார். எல்லாரும் கோபிசங்கரைப் பார்த்தார்கள். தனுசியா மட்டும் அவருடைய அறைக்குப் போனாள்.

"சேர், டெமோவை நான் செய்யட்டோ? எழுதினது நான்தானே."

"எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனால் கோபிக்கு உவையளோடை கதைச்சுப் பழக்கம். நீ பக்கத்திலை இரு. அடுத்த முறை பாப்பம்."

"அடுத்த முறை எண்டு போன முறையும் சொன்னனீங்கள் சேர்."

"அதுக்கு முதல் முறையும் சொன்னனானெல்லே? அப்ப நான் மறக்கேல்லை எண்டு விளங்குதுதானே."

இப்படிப்பட்ட மனிதரோடு என்னத்தைக் கதைப்பது? அவள் வெளியே வந்துவிட்டாள். கதிரை உயரமோ பதவிப் பெயரோ அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தான் எழுதியதைத் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். சொன்னால் தலைமை தானாக வரும், சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் பற்றிஸ் கணக்கு எழுதவேண்டியதுதான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை நோர்வேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நாள், நேரம் பற்றிய விடயங்கள் குறிப்பெடுப்பவருக்கு வருவதுதான் வழக்கம். நகரசபையில் வியாழன் அன்று வேறு கூட்டமாம். டெமோவைப் புதன்கிழமைக்கு முந்திக்கொள்ளலாமா, இங்கத்தைய நேரம் இரண்டரைக்கு?

அன்றைய காலைக் கூட்டத்தில், எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு நின்றபடி, அவள் வாயைத் திறந்தாள்.

"நோர்வேயிலையிருந்து ஒரு விசயம்—"

"அதை மினிட்ஸிலை போடும் தனு. பிறகு வாசிப்பம்," என்றான் கோபிசங்கர்.

"இல்லை அண்ணை, நாள்—"

"நாள் கிடக்கு, இன்னும் மூண்டு நாள் கிடக்கு. போடும், போடும்."

பிறகு, கனடா விசாவுக்காகத் தான் கொழும்பில் செய்த மருத்துவச் சோதனையில் எத்தனை போத்தல் இரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பதினைந்து நிமிடம் விளக்கினான். தனுசியா அதையும் குறித்துக்கொண்டாள், பழக்கதோஷத்தில்.

குறிப்பின் ஏழாவது பந்தியில் அவள் எழுதியது இது: நோர்வேத் தரப்பு டெமோவைப் புதன் பிற்பகல் 2.30க்கு மாற்றுமாறு கேட்கிறது. ஆட்சேபனை இருந்தால் செவ்வாய் மதியத்துக்குள் தெரிவிக்கவும். முதலாளி உட்பட எல்லாருக்கும் அனுப்பினாள்.

அந்தக் கோப்பை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதை அதன் மூலையில் சின்ன வட்டங்கள் காட்டும். செவ்வாய் மதியம் அவள் பார்த்தபோது இரண்டு வட்டம் இருந்தது. ஒன்று அவள். மற்றது றொசாந்தி.

கோபிசங்கரின் மேசைக்குப் போனாள்.

"அண்ணை, மினிட்ஸ் பாத்தனீங்களோ?"

"ஓம் ஓம். எல்லாம் ஓகே."

"ஏழாவது பந்தியும்?"

"ஏழும் ஓகே, எட்டும் ஓகே."

"எட்டு இல்லை அண்ணை."

"அப்ப இன்னும் நல்லது."

அவள் திரும்பி வந்து நோர்வேக்குச் சம்மதம் எழுதி அனுப்பினாள். அதுவரைக்கும் அவளுடைய மனதில் எந்தச் சூதும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கோபிசங்கரே வந்து அதைக் கையில் தந்துவிட்டுப் போனான்.

"தனு, நாளைக்குச் சரஸ்வதி பூசையெல்லே. எட்டு மணிக்கே வந்திடும். கோலம் போட வேணும், அவல் குழைக்க வேணும், கடலை அவிக்க வேணும். லப்டொப்புகளை நீர்தான் படத்துக்கு முன்னாலை அடுக்க வேணும். பொம்பிளைப் பிள்ளையள் அடுக்கினால்தான் ஒரு லட்சணம்."

சரஸ்வதி பூசையன்று அவரவர் தொழிற்கருவியைப் படத்துக்கு முன் வைத்துவிட்டு விஜயதசமி காலைவரை தொடாமல் இருப்பது ஊர் வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகத்தை வைக்கும், தையற்காரர் கத்தரிக்கோலை வைப்பார். இந்த நிறுவனத்தில் மடிக்கணினிகளை வைத்தார்கள். வேறு இடங்களில் இதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இங்கே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஏழு பேரில் ஒருவனான சிவகரன் பூசையில் வைத்த தன் மடிக்கணினியை இடையில் உருவி எடுத்துக் கிரிக்கெட் பார்த்தான். பத்தாவது ஓவரில் அது அணைந்தது, பிறகு எழும்பவேயில்லை. விசிறிக்குள் விபூதி போயிருக்கலாம் என்று திருத்துகிறவர் சொன்னார். ஆனால் அதே வாரத்தில் அவனுடைய அவுஸ்திரேலிய விசாவும் மறுக்கப்பட்டதற்கு அவரால் விளக்கம் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து பொறியியல் படித்த ஏழு ஆண்களும் இந்த ஒரு விடயத்தில் சோதனை செய்து பார்க்க விரும்பவில்லை.

கோபிசங்கரின் கனடா விசா எந்த நாளும் வரலாம் என்ற நிலை. அவனுடைய அம்மா பராசக்தி அதற்காக அவனை நவராத்திரி ஒன்பது நாளும் விரதம் பிடிக்க வைத்திருந்தார்.

தனுசியா சுவர்க் கலண்டரைப் பார்த்தாள். புதன். சரஸ்வதி பூசை. இரண்டரை. அவளுடைய உதட்டோரம் சற்றே வளைந்ததை றொசாந்தி மட்டும் கண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வந்தபோது பிரவீணன் என்ற இன்னொரு பொறியியலாளனும் சிவகரனும் தேங்காயும் அவலுமாக அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் படியேறி வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை.

"கோபி அண்ணை, எனக்கு இண்டைக்குப் பூசைக்குக் கிட்ட வரேலாது."

"ஏன்? காய்ச்சலோ?"

"காய்ச்சல் இல்லை."

"பின்னை?"

"ஏலாது."

மூன்று விநாடி ஆயிற்று. பிறகு கோபிசங்கரின் காதுமடல் இரண்டும் செம்பரத்தம்பூ நிறத்துக்கு வந்தன. பிரவீணன் கையிலிருந்த தேங்காயை முதன்முறை காண்பதுபோல் உருட்டி உருட்டிப் பார்த்தான். சிவகரன் யாரோ கூப்பிட்டதுபோல் கீழே போனான். யாரும் கூப்பிடவில்லை.

"ஓ... ஓம் ஓம்... அப்ப நீர் அங்காலை தேத்தண்ணி அறையிலை இரும். உம்மடை லப்டொப்பும்... உம்மோடையே இருக்கட்டும். துடக்கெல்லே," என்றான் கோபிசங்கர் சுவரைப் பார்த்து.

உண்மை என்னவென்றால், அவளுடைய மாதவிலக்கு முடிந்து பத்து நாளாகிவிட்டது. அது றொசாந்திக்குத் தெரியும். அந்தக் கிழமையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த தனுசியாவுக்கு இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் அவள். பிழை கண்டுபிடிப்பது றொசாந்தியின் வேலை. கண்டுபிடித்தாள். பதியவில்லை.

அதன் பிறகு அந்தக் காலை நேரம் தனுசியாவுக்கு நன்றாகவே கழிந்தது. தேநீர் அறை முக்காலியில் இருந்து, தன் மடிக்கணினியில் டெமோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். வெளியே ஏழு பொறியியலாளர்கள் ஒரு பூசைக்கு ஆயத்தம் செய்தார்கள்.

"தனு, கடலை எவ்வளவு நேரம் அவியோணும்?"

"இரவே ஊறப் போட்டனீங்களோ?"

"ஊறப் போடுறதோ?"

சற்று நேரம் கழித்து: "அக்கா, நிறைகுடத்திலை தேங்காய் நிக்குதில்லை, விழுந்து விழுந்து போகுது."

"குடுமி மேலையோ கீழையோ?"

"...அதுக்கு மேல் கீழ் இருக்கோ?"

கோலம் போட்டது பிரவீணன். சுளகில் மாவைக் கொட்டி, கைபேசியில் படம் பார்த்து, புள்ளிகளை அளவுகோல் வைத்து அளந்து போட்டான். சரஸ்வதி பூசைக்கு அவன் தேர்ந்தெடுத்த கோலம் பொங்கல் பானை. றொசாந்தி அதைச் சுற்றி வந்து பார்த்து, "பானை வடிவாய்ப் பொங்குது, பிரவீணன் அண்ணை," என்றாள். பிறகு தன் மடிக்கணினியைக் கொண்டுபோய் எல்லாருக்கும் முதலாவதாகப் படத்துக்கு முன் வைத்தாள். வேதக்காரியாய் இருந்தாலும் சேர்ந்த நாள் முதல் அவள் அலுவலகத்தில் எந்த நல்லநாளையும் விட்டதில்லை. "மாதா ஒண்டும் சொல்லமாட்டா. அவவுக்கும் படிச்ச பிள்ளையைப் பிடிக்கும்," என்பாள்.

ஒவ்வொருவராக வைத்தார்கள். முதலாளியும் தன்னுடையதை வைத்தார். இருந்த ஒரு உபரிக் கணினியையும் தூசி தட்டி வைத்தார்கள். பேனை, கொப்பி, அலுவலகத்தில் இருந்த ஒரே அகராதி எல்லாம் போயின. கைபேசியை மட்டும் ஒருவரும் வைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தீபம் காட்டினார்கள், பாட்டுப் படித்தார்கள். கடலை பல்லுக்குச் சவாலாக இருந்தது. அவலில் சர்க்கரையை விடத் தேங்காய் மட்டைத் தும்பு அதிகம். தேநீர் அறைக்கு ஒரு வாழையிலைத் துண்டில் அனுப்பியிருந்தார்கள். அவள் நன்றி சொல்லி வாங்கினாள்.

இரண்டு பத்துக்கு அவளுடைய கைபேசி மணியடித்தது. நினைவூட்டல். அவள் தேநீர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சேர், இன்னும் இருவது நிமிசத்திலை நோர்வே வரும். ஆர் இணைக்கிறது?"

கேதீஸ்வரன் வடை கடித்தபடி நிமிர்ந்தார். "நோர்வேயோ? அது நாளைக்கெல்லே?"

"இண்டைக்கு மாத்தினவை சேர். மினிட்ஸிலை கிடக்கு. ஏழாவது பந்தி."

"கோபி?"

கோபிசங்கர் வாயிலிருந்த கடலையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். "நான்... பாத்தனான் எண்டுதான் நினைக்கிறன்."

"ஏழும் ஓகே எண்டு சொன்னனீங்கள் அண்ணை," என்றாள் தனுசியா பணிவாக. "எட்டும் ஓகே எண்டனீங்கள்."

அடுத்த பத்து நிமிடம் அந்த அலுவலகத்தில் நடந்ததை நேரே இருந்து பார்த்திருக்க வேண்டும். நாளைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? முடியாது, நகரசபைத் தலைவரும் வந்து இருப்பார். இன்னொரு தடவை தள்ளினால் வேலை கையை விட்டுப் போகும் என்றார் முதலாளி. கைபேசியில் காட்டலாமா? புதிய பதிப்பு மென்பொருள் எழுதுகிறவர்களின் மடிக்கணினிகளில்தான் இருக்கிறது. மடிக்கணினிகளோ நிறைகுடத்துக்கும் பொங்கல் பானைக்கும் நடுவில், ஒவ்வொன்றின் மூடியிலும் சந்தனப் பொட்டோடு, வரிசையாக இருந்தன.

"ஒண்டை எடுத்தால் என்ன?" என்று கேதீஸ்வரன் கேட்டார். குரலில் உறுதி இல்லை.

எல்லாரும் சிவகரனைப் பார்த்தார்கள். அவன் மெல்லத் தலையை அசைத்தான். அனுபவப்பட்டவனின் அசைவு அது.

கோபிசங்கருக்கு ஒரு வழி தோன்றியது. "றொசாந்தி! நீர் வேதமெல்லே? நீர் எடுத்தால் ஒரு குற்றமும் வராது."

"நான் எடுப்பன் அண்ணை. என்ரை பாவத்தை ஞாயிற்றுக்கிழமை பாதரிட்டைச் சொல்லி முடிச்சிடுவன்," என்றாள் றொசாந்தி. "ஆனால் டெமோ கிடக்கிறது உங்கடை லப்டொப்பிலை, என்ரையிலை இல்லை. உங்கடை விசாவை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

மடிக்கணினிகளைக் காட்டி நீட்டியிருந்த கையை அவன் கீழே போட்டான்.

"தனுவின்ரை மெசின் வெளியிலை இருக்குதுதானே," என்றார் கேதீஸ்வரன். "கோபி, நீ போய் அதிலை இருந்து செய்."

கோபிசங்கர் தேநீர் அறைப் பக்கம் ஓரடி வைத்தான். நெற்றியில் விபூதி, கையில் காப்பு நூல், வயிற்றில் ஒன்பது நாள் விரதம். அவள் இருந்த முக்காலியையும் தொட்ட விசைப்பலகையையும் பார்த்தான். காலையில் அவன் வாயால் சொன்ன 'துடக்கு' என்ற அந்த ஒரு சொல் இப்போது வாசற்படியில் குறுக்கே கிடந்தது.

"சேர்... எனக்கு விரதம்..."

"அதுக்கென்ன?"

"அவவுக்கு... அது... சேர், உங்களுக்கு விளங்குதோ?"

கேதீஸ்வரனுக்கு விளங்கியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் இருந்தது.

"பிள்ளை," என்றார், "நீயே செய்."

"அடுத்த முறை எண்டனீங்கள் சேர்."

"இதுதான் பிள்ளை அடுத்த முறை. கெதியாய்!"

அவள் முக்காலியில் இருந்தாள். பின்னால் கேத்தில், சீனிப் போத்தல், பெயின்ற் கடைக் கலண்டர். வாசலில் ஏழு ஆண்களும் முதலாளியும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே வர ஒருவருக்கும் துணிவில்லை.

"ஆராவது மினிட்ஸ் எடுக்க வேணுமே," என்றாள் திரும்பாமல். "கோபி அண்ணை, போனிலை எடுப்பீங்களோ? நீங்கள் எடுத்தால் ஒரு வடிவு இருக்கும்."

றொசாந்தி மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திரையில் இங்குன் வந்தாள். பக்கத்தில் நகரசபைத் தலைவர். தனுசியா தன் பெயரைச் சொன்னதும் இங்குன் முன்னால் குனிந்தாள்.

"கூட்டக் குறிப்பு அனுப்புகிறவள் நீதானா? இந்த வேலை முழுவதிலும் எனக்கு விளங்கிய ஒரே பொருள் அதுதான். நான் ஒரு பந்தி விடாமல் வாசிக்கிறேன்."

வாசலில் யாரோ இருமினார்கள்.

தனுசியா பேசத் தொடங்கினாள். முதல் இரண்டு வசனமும் தடுமாறின. ஆங்கிலம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வசனத்தில் படகு வந்தது, அதில் ஏறிக்கொண்டாள். படகு ஓடாது என்று தெரிந்தவுடன் மென்பொருள் முதலில் தேடுவது தாதியை அல்ல, நோயாளியை. ஊசி தவறக்கூடாதவர் யார், காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டியவர் யார். அந்தத் தீவுக்குள் ஏற்கெனவே நிற்கும் தாதியின் வரிசையில் அவர்களை முன்னுக்கு ஏற்றும். குளிக்கவார்ப்பது, துணையாக நடந்துபோவது போன்றவற்றை நாளைக்குத் தள்ளும், தள்ளியதை வீட்டுக்காரருக்கும் சொல்லும். அவள் ஒரு படகை நிறுத்திக் காட்டினாள். திரையில் பதினாறு பெயர்கள் எழும்பி இடம் மாறி உட்கார்ந்தன.

"போன தடவை குறுஞ்செய்தி போகும் என்று சொன்னார்களே?"

"போகும். கடைசியாகப் போகும்," என்றாள். "இது என் அக்காவிடம் கேட்டு எழுதியது. அவளும் படகுக்குக் காத்து நிற்கிற தாதி."

இங்குன் நகரசபைத் தலைவரைப் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். வாசலில் நின்றவர்களில் அது விளங்கியது கேதீஸ்வரனுக்கு மட்டும். அவர் கையிலிருந்த வடையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார், ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாமல்.

 அன்று மாலை படியிறங்கும்போது கோபிசங்கர், "நல்லாய்ச் செய்தீர் தனு," என்றான். சற்று நின்று, "எனக்கு அந்தப் பதினாறு பேரும் இடம் மாறுற விசயம் இண்டைக்குத்தான் விளங்கினது," என்றும் சொன்னான். அவள் சூழ்ச்சி செய்ததற்காகக் கொஞ்சம் மனம் வருந்தியது அந்த ஒரு கணத்தில்தான்.

வியாழன், விஜயதசமி. காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் படத்துக்கு முன் கூடினார்கள். தனுசியா முந்தின நாள்போல் வாசலோரம் நின்றாள். கேதீஸ்வரன் கைபேசியைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து மின்னஞ்சலை வாசித்தார். இரண்டாம் கட்ட வேலை கிடைத்துவிட்டது. ஒரு நிபந்தனை: இனிமேல் தனுசியாவோடுதான் கதைப்பார்களாம்.

"அப்ப லீட் தனுசியா," என்றார் அவர். "சும்மா பேருக்கில்லை. கடிதம் பின்னேரம் தருவன். சரி, நேரம் போகுது. முதல் மெசினை எடுங்கோ."

இதை அவள் எண்ணிப்பார்க்கவில்லை. விஜயதசமியன்று முதல் மடிக்கணினியை எடுத்து, விளக்குக்குக் காட்டி, மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பது குழுத் தலைவரின் உரிமை. நான்கு வருடமாகக் கோபிசங்கர்தான் செய்துவந்தான். அதை யார் செய்கிறாரோ அவர்தான் அந்த வருடத்துக்குத் தலைவர் என்பது கடிதத்தை விட அங்கே எல்லாருக்கும் உறைக்கும் விடயம்.

ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"தனுவுக்கு ஏலாதெல்லே," என்று கோபிசங்கர் மென்மையாகச் சொன்னான். "பரவாயில்லை, அவவுக்காக நான் எடுக்கிறன்."

இந்த முறையும் அவன் மனதாரத்தான் சொன்னான். இப்படித்தான் தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவவுக்காக நான் எடுக்கிறன். அவவுக்காக நான் கதைக்கிறன். பின்னேரம் கடிதம் வரும், அவள் அதைக் கோப்பில் வைத்துவிட்டு மறுபடி குறிப்பு எடுப்பாள். எட்ட நின்றால் நேற்றைய பொய் நிற்கும், தலைமை போகும். கிட்டப் போனால் பொய் உடையும். உடைந்தால்தான் என்ன, அதை வாய்விட்டுச் சொல்ல அங்கே யாருக்கு வாய் வரும்?

செருப்பைக் கழற்றினாள்.

"தள்ளுங்கோ அண்ணை."

அவன் தள்ளினான். அவள் பொங்கல் பானைக் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய், படத்தின் முன் நின்று கும்பிட்டு, குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்தாள். முதல் மடிக்கணினியைத் தூக்கி விளக்குக்குக் காட்டினாள். அது கோபிசங்கருடையது. திரும்பி அவனிடம் நீட்டினாள்.

 பிரவீணனுடைய வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது: நேற்று, இண்டைக்கு. இரண்டோடு நின்றுவிட்டது. சிவகரன் நாட்காட்டியைப் பார்த்தான். அதிலும் இரண்டுதான். கோபிசங்கர் மடிக்கணினியை வாங்கியபடி வாயைத் திறந்தான்.

"தனு, உமக்கு நேற்று..."

"நேற்று என்ன அண்ணை?"

காதுமடல்கள் மறுபடி செம்பரத்தம்பூ நிறத்துக்கு வந்தன.

"...ஒண்டுமில்லை."

"சொல்லுங்கோ அண்ணை. லீட் எண்டால் எல்லாத்தையும் கேக்க வேணும்தானே."

"ஒண்டுமேயில்லை!"

கேதீஸ்வரன் கூரையில் ஏதோ வெடிப்பைக் கண்டவர்போல் மேலே பார்த்தபடி நின்றார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின. மூன்று பெண் பிள்ளைகளோடு ஒரே குளியலறை உள்ள வீட்டில் இருபது வருடம் வாழ்ந்த மனிதர்.

தனுசியா அடுத்த மடிக்கணினியை எடுத்தாள், அடுத்ததை, அடுத்ததை. கடைசியில் றொசாந்தியுடையது வந்தது. றொசாந்தி அதைத் திறந்து, புதிய பக்கமொன்றைத் தொடங்கி, சத்தமாகக் கேட்டாள்:

"அக்கா, இண்டைக்கு மினிட்ஸ் நான் எடுக்கிறன். பூசை விசயத்தையும் போடட்டோ?"

"போடும்," என்றாள் தனுசியா. "ஏழாவது பந்தியிலை போடும்."

பத்தரைக்குக் குறிப்பு வந்தது. ஏழாவது பந்தியில், பூசை இனிது நிறைவேறியது என்றும், கூட்டக் குறிப்பு இனிமேல் முறைவைத்து எழுதப்படும், அடுத்த கிழமை கோபிசங்கர் என்றும் மட்டுமே இருந்தது. தனுசியா கோப்பின் மூலையைப் பார்த்தாள். பத்து முப்பத்திரண்டுக்கெல்லாம் அங்கே பத்து வட்டமும் இருந்தன.